சவுக்குத் தோப்பை விற்கிறதுக்கு முன்னாடி ஒரு டேப் வாங்குங்க

(இது எபிசோடின் எழுத்து வடிவம். பேசினதை வாசிக்க வசதியா கொஞ்சம் சுருக்கி, திருத்தியிருக்கோம்.)

இன்னைக்கு ஒரு விளையாட்டுல இருந்து ஆரம்பிக்கலாம். சின்ன வயசுல கடற்கரைக்குப் போனவங்களுக்கு இது ஞாபகம் இருக்கும். சவுக்கு மரத்துல இருந்து ஒரு ஊசியைப் பறிச்சு, நடுவுல எங்கயோ ஒரு கணுவுல பிச்சு, திரும்ப அதே இடத்துல செருகி, பக்கத்துல இருக்கிறவங்ககிட்ட நீட்டுவோம். "எங்க ஒட்டியிருக்கேன்னு கண்டுபிடி பார்ப்போம்!" நான் புதுச்சேரி டவுன்ல வளர்ந்தவன். எனக்கும் சவுக்கு மரத்துக்கும் இருந்த உறவு ரொம்ப நாள் அவ்வளவுதான்.

2024 ஜனவரியில மாமாவோட தோப்புக்கு ஒரு வியாபாரி விலை பேச வந்தார். அதுக்கப்புறம்தான் அந்த மரத்துக்குள்ள இவ்வளவு கணக்கு இருக்குன்னு புரிஞ்சுது. கொஞ்சம் நிலம் வச்சிருக்கிற சொந்தக்காரங்க உங்களுக்கும் இருப்பாங்க. "சவுக்கு போட்டா தொல்லை இல்ல, மூணு நாலு வருஷத்துல காசு"ன்னு அவங்க சொல்லிக் கேட்டிருப்பீங்க. அந்தக் காசு எப்படி வருது, எங்க நழுவுது, அதுதான் இந்த எபிசோட்.

பைன் மாதிரி இருக்கும், பைன் இல்ல

இங்க வர்ற டூரிஸ்ட்டுங்க சவுக்குத் தோப்புல நின்னு போட்டோ எடுத்து, "பீச்சுல பைன் மரம்"னு போடுறதைப் பார்த்திருப்பீங்க. முழுசா அவங்க தப்பும் இல்ல. இங்கிலீஷ்ல இதுக்கு ஆஸ்திரேலியன் பைன்னு ஒரு பேர் உண்டு. ஆனா பைன் வேற குடும்பம். நாம பிச்சு விளையாடின அந்த ஊசி இலையே இல்ல, அது பச்சையா இருக்கிற மெல்லிசான கிளை. ஒவ்வொரு கணுவையும் சுத்தி பல்லு மாதிரி பொடிசா இருக்குதே, அதுதான் இலை.

சவுக்கோட வேர்ல ஃபிராங்கியான்னு ஒரு நுண்ணுயிர் முடிச்சு போட்டு வாழும். காத்துல இருக்கிற நைட்ரஜனை அது மரத்துக்குப் பிடிச்சுக் கொடுக்கும். அதனாலதான் வேற பயிர் திணறுற கடலோர மணல்ல இது சும்மா நிக்குது. 19ஆம் நூற்றாண்டுல மதராஸ் மாகாணத்துக் கடற்கரையில ரயில் என்ஜினுக்கு விறகு வேணும்னு இதை ஏராளமா நட்டாங்க. இன்னைக்கு ராக்கெட் கிளம்புற ஸ்ரீஹரிகோட்டா தீவுல இருந்துதான் ஒரு காலத்துல சென்னைக்கு விறகு போச்சு. அதுல சவுக்கும் இருந்துச்சு.

இன்னைக்கு புதுச்சேரி, கடலூர், விழுப்புரம் பக்கம் சவுக்கு ஒரு பயிர் மாதிரியே ஆயிடுச்சு. மழைக்காலத்துல நடுறாங்க, மூணுல இருந்து அஞ்சு வருஷத்துல வெட்டுறாங்க. தைலமரம் மாதிரி வெட்டின தூர்ல இருந்து நல்லா துளிர்க்கிற மரம் இது இல்ல. அடுத்த போகத்துக்குத் திரும்ப கன்னு வாங்கித்தான் நடணும். அதனால விற்கிற அந்த ஒரு நாள்ல தப்பு பண்ணினா, மூணு நாலு வருஷ உழைப்பு போச்சு.

மாமாவோட 75 குழி

மாமாவுக்கு பாகூர் பக்கம் நிலம். கேட்டா "75 குழி"ன்னுதான் சொல்வார். ஒரு குழி 576 சதுர அடி. கணக்குப் போட்டா 43,200 சதுர அடி, ஒரு ஏக்கருக்குக் கொஞ்சம்தான் குறைவு. 2020 மழைக்காலத்துல ஒரு மீட்டருக்கு ஒரு கன்னுன்னு நட்டது.

வந்த வியாபாரி தோப்பை ஒரு சுத்து சுத்தினார். நாலு மரத்தைக் கையால பிடிச்சுப் பார்த்தார். "அண்ணே, நிக்கிறபடியே 90,000. வெட்டுக்கூலி, ஏத்துக்கூலி, லாரி எல்லாம் என் செலவு. நீங்க ஒரு வேலையும் பார்க்க வேணாம். 10,000 அட்வான்ஸ் இப்பவே தர்றேன்"னார்.

மாமாவுக்கு அப்போ பணம் தேவை. ஜூன் மாசத்துக்குள்ள பொண்ணுக்கு நர்சிங் காலேஜ் ஃபீஸ் கட்டணும். அவர் கை கிட்டத்தட்ட நீண்டுடுச்சு. அத்தைதான், "ரெண்டு நாள் யோசிச்சு சொல்றோம்"னு நிறுத்தினாங்க. அன்னைக்கு ராத்திரி எனக்கு போன் வந்துச்சு. "நீ படிச்சவன், வந்து பாருடா"ன்னார் மாமா.

நான் படிச்சது காமர்ஸ். மரம் பத்தி ஒண்ணும் தெரியாது. ஆனா அளக்கத் தெரியும்.

ஒரு டேப், ஒரு நோட்டு, ஒரு சூத்திரம்

எல்லா மரத்தையும் அளக்கத் தேவையில்ல. தோப்புக்குள்ள மூணு இடத்துல 10 மீட்டருக்கு 10 மீட்டர் கயிறு கட்டினோம். ஒண்ணு ஓரமா, ஒண்ணு நடுவுல, ஒண்ணு தண்ணி தேங்குற பள்ளத்துல. நல்லா வளர்ந்த இடத்தை மட்டும் எடுத்தா நம்மை நாமே ஏமாத்திக்கிறோம்.

ஒவ்வொரு கட்டத்துலயும் 100 மரம் இருக்கணும். இருந்தது 78, 84, 78. சராசரி 80. மாமா நிலத்துல இந்த மாதிரி 40 கட்டம் வரும். ஆக மொத்தம் 3,200 மரம். "நட்டது 4,000"னு மாமா அதுவரைக்கும் சொல்லிட்டு இருந்தார். 800 கன்னு எப்பவோ செத்திருக்கு. அதை நாங்க எண்ணினப்போதான் பார்த்தோம்.

அடுத்தது சுற்றளவு. தரையில இருந்து 1.37 மீட்டர் உயரத்துல, அதாவது நெஞ்சு உயரத்துல, தையல் டேப்பைச் சுத்தணும். இந்தியாவுல வனத்துறைக்காரங்க அளக்கிற உயரம் இது. நெட்டை உயரத்துக்கு, சாஞ்சு கிடந்த ரெண்டு மூணு மரத்தை நீட்டி அளந்தோம்.

இப்போ சூத்திரம். சுற்றளவை சென்டிமீட்டர்ல எடுத்து அதை அதாலயே பெருக்குங்க. மரத்தோட உயரத்தை மீட்டர்ல பெருக்குங்க. 250ஆல வகுங்க. வர்றது அந்த மரத்தோட பச்சை எடை, தோராயமா கிலோவுல. இது மந்திரம் இல்ல. மரத்தை ஒரு உருளைன்னு நினைச்சு, நுனி மெலிஞ்சு போறதால அதுல பாதியை எடுத்து, பச்சை சவுக்கு ஒரு கன மீட்டர் சுமாரா ஒரு டன் இருக்கும்னு வச்சா வர்ற கணக்குதான்.

சுற்றளவு 18, உயரம் 8ன்னா, 18 × 18 × 8 ÷ 250. பத்து கிலோ சொச்சம். மாமா தோப்புல ஒவ்வொரு மரமா போட்டுக் கூட்டினப்போ சராசரியும் அங்கதான் வந்து நின்னுது. ஒரு எச்சரிக்கை: முதல்ல சுற்றளவுக்கு சராசரி எடுத்துட்டு அப்புறம் சூத்திரத்துல போடாதீங்க. மரத்துக்கு மரம் போட்டுக் கூட்டுங்க. இல்லன்னா தடிச்ச மரத்தோட எடை கணக்குல குறைஞ்சு போகும்.

3,200 மரம், ஆளுக்கு 10 கிலோ. 32 டன். விலை மாசத்துக்கு மாசம் மாறும், அதனால கணக்குக்கு ஒரு டன் 5,000ன்னு வச்சுப்போம். 1,60,000 ரூபாய். வியாபாரி சொன்னது 90,000.

உடனே "கொள்ளை அடிக்கிறாங்க"ன்னு சொல்ல எனக்கும் வாய் வந்துச்சு. ஆனா அவர் பக்கமும் கேட்டோம். ஆள் வச்சு வெட்டணும், மிளாரைக் கழிக்கணும், லாரி வாடகை கொடுக்கணும். வெட்டின மரம் ஒவ்வொரு நாளும் காஞ்சு எடை குறையும். மழை வந்து லாரி தோப்புக்குள்ள போகலைன்னா அந்த நஷ்டமும் அவருக்குத்தான். நிக்கிற மரத்தைக் கண்ணால பார்த்து வாங்குறவர், தப்பினா தாங்குற மாதிரிதான் விலை சொல்வார். நம்ம கையில எண்ணிக்கை இல்லாதப்போ அந்தத் தாங்கலை எவ்வளவு பெருசா வச்சாலும் நமக்குத் தெரியாது. நோட்டைக் காட்டினோம். அவர் புரட்டிப் பார்த்துட்டு, 1,15,000க்கு வந்தார். ஒரு டேப்பும் ஒரு பகல் வேலையும் சேர்ந்து 25,000.

விற்காம, கலைச்சு விட்டோம்

அப்பவும் மாமா விற்கலை. காரணம், சுற்றளவுக் கணக்குல இருக்கிற அந்த வர்க்கம். சுற்றளவு 20ல இருந்து 25 ஆனா, பார்க்கிறதுக்குக் கால்வாசிதான் கூடியிருக்கு. எடை பாதிக்கு மேல கூடிடும். மூணாவது வருஷத்துல வெட்டுறது, மரம் தடிக்க ஆரம்பிக்கிற நேரத்துல நிறுத்துறதுதான்.

ஆனா ஃபீஸ் ஜூன்ல கட்டணுமே? அதுக்குத்தான் கலைச்சு விடுறது. எள்ளு வயல்ல நெருக்கமா முளைச்சதைப் பிடுங்கி இடம் விடுவாங்க இல்லையா, அதே வேலைதான். அமெரிக்காவோட தென் மாநிலங்கள்ல தனியார் பைன் தோட்டக்காரங்க இதையே பண்றாங்க. நட்டு பன்னிரண்டு, பதினைஞ்சு வருஷம் போல ஆனதும் மெலிசான மரத்தை எடுத்து காகிதக் கூழுக்கு விற்கிறாங்க. மிச்சம் தடிச்சதும் பலகை அறுக்கிற மில்லுக்கு இன்னும் நல்ல விலைக்குப் போகுது. நம்ம ஊர்ல சவுக்கைப் பெரும்பாலும் கலைக்கிறதில்ல, ஒரே வெட்டா வெட்டிடுறாங்க.

எந்த மரத்தை எடுக்கிறது? எல்லாரும் பண்ற தப்பு, தடிச்ச மரமா பார்த்து எடுத்துட்டு மெலிசை விடுறது. கையில காசு வரும், தோப்பு போயிடும். எடுக்க வேண்டியது கோணல், ரெட்டைக் கவை, பக்கத்து மரத்துக்குக் கீழ அமுங்கிப் போனது, அப்புறம் பட்டையில கொப்புளம் போட்டு உள்ள கறுப்புப் பொடி இருக்கிறது. கடைசியா சொன்னது பூஞ்சை நோய், அதை விட்டு வைக்கவே கூடாது. சுண்ணாம்பால குறி போட்டோம். பிப்ரவரியில சுமார் 1,000 மரம் எடுத்தோம், ஆறு டன் போல வந்துச்சு. நேரா இருந்த கழிகளைப் பந்தல்காரருக்கும், புடலை, பாகல் பந்தல் போடுறவங்களுக்கும் எண்ணிக்கைக் கணக்குல கொடுத்தோம். மிச்சம் விறகாப் போச்சு. முதல் வருஷ ஃபீஸ் கட்டியாச்சு.

இங்க ஒரு உண்மையைச் சொல்லிடணும். கலைச்சு விட்டா மொத்த டன் கூடும்னு நினைக்காதீங்க. விடாம இருந்தா ஒருவேளை மொத்த எடை அதிகமாக்கூட வந்திருக்கும். நம்ம ஆளுங்க இதை எப்பவோ சொல்லிட்டாங்க: "கலக்க விதைத்தால் களஞ்சியம் நிறையும், அடர விதைத்தால் போர் உயரும்." நெருக்கமா விட்டா வைக்கோல் போர்தான் பெருசாகும், நெல்லு இல்ல. சவுக்குலயும் அப்படித்தான். கலைக்கிறதால அதே வளர்ச்சி கொஞ்ச மரத்துல சேருது, மரம் தடிக்குது.

அதனால யாருக்கு விற்கப் போறோம்னு முதல்லயே தெரியணும். காகித ஆலைக்குத் தடிமன் பெருசா முக்கியம் இல்ல, எடைதான் காசு. தமிழ்நாடு அரசு 1979ல தொடங்கின டிஎன்பிஎல் கரூர் பக்கம் காகிதபுரத்துல இருக்கு. பள்ளிபாளையத்துல சேஷசாயி காகித ஆலை இருக்கு. மொத்தமும் அங்கதான் போகப் போகுதுன்னா, கலைக்கிற கூலி நமக்கு லாபமான்னு யோசிக்கணும். கட்டட வேலைக்குப் போற கழின்னா கதை வேற. ஒயிட் டவுன்ல பழைய வீடுகளுக்குப் பூச்சு வேலை நடக்கும்போது கயிறு கட்டி நிக்கிற சாரத்தைப் பார்த்திருப்பீங்க. சென்ட்ரிங் பலகைக்கு அடியில முட்டு கொடுக்கிறதும் சவுக்குதான். அங்க நேரான, தடிச்ச கழிக்குத் தனி விலை. இரும்புக் குழாய் வந்து அந்தச் சந்தை சுருங்கிட்டு வருது, ஆனா இன்னும் இருக்கு.

நாங்க பண்ணின தப்பு

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்துச்சு. டவுன்ல ஒரே நாள்ல 45 சென்டிமீட்டருக்கு மேல மழை. எங்க தெருவுல முழங்கால் தண்ணி. மாமா போனை எடுக்கலை. அவர் மனசுல என்ன ஓடியிருக்கும்னு எனக்குத் தெரியும். 2011 டிசம்பர் 30 காலையில தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவுல கரையேறினப்போ, அவரோட அப்போதைய தோப்பு முழுசாப் படுத்துடுச்சு. சுத்து வட்டாரத்துல எல்லார் மரமும் ஒரே நாள்ல விழுந்தா என்ன விலை கிடைக்கும்? "விறகு விலைக்குத்தான்டா போச்சு"ன்னு இன்னைக்கும் சொல்வார்.

இந்த தடவை 120 மரம் விழுந்துச்சு. போய்ப் பார்த்தா, அதுல பெரும்பாலானது கடல் பக்கத்து ஓரத்துல மூணு வரிசை. தப்பு எங்களோடது. கலைக்கும்போது ஓரத்தையும் உள்ளே மாதிரியே கலைச்சுட்டோம். நெருக்கத்துல வளர்ந்த மரம் பக்கத்து மரத்து மேல சாஞ்சு நிக்கப் பழகினது. திடீர்னு இடம் விட்டா காத்து நேரா அடிக்கும். கடல் பக்கம் நாலஞ்சு வரிசையைத் தொடாம விட்டிருக்கணும், அதுதான் தோப்புக்குச் சுவர். மழைக்காலத்துக்கு ரொம்ப முன்னாடி, ஜனவரி பிப்ரவரியிலயே கலைச்சதால மிச்ச மரங்களுக்கு வேர் பிடிக்க எட்டு மாசம் கிடைச்சுது. செப்டம்பர்ல கலைச்சிருந்தா இந்த எபிசோடை நான் வேற குரல்ல பேசிட்டு இருப்பேன்.

இன்னொண்ணும் புரிஞ்சுது. மரத்தை ஒரு வருஷம் கூட நிறுத்துறது, இன்னொரு அக்டோபர்-டிசம்பரைத் தாண்டி நிறுத்துறது. சூத்திரம் சொல்ற லாபத்துக்குப் பக்கத்துல இந்த ஆபத்தையும் எழுதி வைக்கணும். தூக்கம் வராதுன்னா முன்னாடியே விற்கிறதும் சரியான முடிவுதான்.

எடைமேடையில

2025 பிப்ரவரியில மறுபடி அளந்தோம். 2,080 மரம். சுற்றளவு பெரும்பாலும் 23 பக்கம், உயரம் ஒன்பதரை மீட்டர். மரத்துக்கு 20 கிலோ, ஆக 41 டன் சொச்சம். இந்த தடவை நிக்கிறபடி விற்கலை. நல்ல கழியா ஒரு 700ஐப் பிரிச்சு எண்ணிக்கையில கொடுத்தோம். மிச்சத்தை எடைக் கணக்குல கொடுத்தோம். ரெண்டையும் எடை போட்டுப் பார்த்தப்போ 39 டன். ஒரு டேப்பை வச்சு ரெண்டு டன் வித்தியாசத்துல வந்திருக்கோம்னு மாமா ஊரெல்லாம் சொல்லிட்டு இருக்கார்.

எடைக்கு விற்கிறவங்களுக்கு நாலு விஷயம். வெட்டின அன்னைக்கே எடை போடுங்க, ரெண்டு நாள் போனா எடை குறையறது உங்க காசு. காலி லாரியை முதல்ல எடை போட்டுச் சீட்டு வாங்குங்க, பாரம் ஏத்தினதும் இன்னொரு சீட்டு. ரெண்டு சீட்டும் உங்க கையில இருக்கணும், முடிஞ்சா நீங்களே லாரியோட போங்க. தூரும் வேரும் யாருக்குன்னு முன்னாடியே பேசிடுங்க, அதுக்கும் விறகு விலை உண்டு.

சட்டம் பத்தி ஒரு வார்த்தை. சந்தனம், ஈட்டி மாதிரி மரங்களுக்கு இருக்கிற கெடுபிடி பட்டா நிலத்துச் சவுக்குக்கு இல்ல. ஆனா நம்ம ஊர்ல நாலு கிலோமீட்டர் போனா தமிழ்நாடு, இன்னும் ரெண்டு போனா திரும்ப புதுச்சேரி. லாரி எல்லை தாண்டித்தான் ஆகணும். வெட்டுறதுக்கு முன்னாடி உள்ளூர் வருவாய்த்துறை, வனத்துறை அலுவலகத்துல கேட்டுக்கோங்க. நிலத்தோட காகித நகலும், விற்ற ரசீதும் லாரியில போகட்டும்.

போன வாரம் தோப்புக்குப் போனேன். வெட்டின நிலத்துல புதுக் கன்னு முழங்கால் உயரத்துக்கு நிக்குது. நர்சிங் ரெண்டாம் வருஷம் படிக்கிற மாமா பொண்ணு லீவுக்கு வந்திருந்தா. தையல் டேப்பைக் கேட்டேன். "அது அப்பாகிட்ட இருக்கு. அம்மாவுக்குக் கூடத் தர்றதில்ல"ன்னா.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம். உங்க வீட்டுல யாராவது தோப்பு விலை பேசிட்டு இருந்தா, அட்வான்ஸ் வாங்கறதுக்கு முன்னாடி இதைக் கேட்கச் சொல்லுங்க.